ஊதச் சொல்லும் அதிகாரம்

அன்புள்ள தம்பிக்கு,

குடிபோதை வழக்குகளை எடுத்து நடத்தப்போகிறாய். வண்டியை மறித்து ஊதச் சொல்வதே அடிப்படை உரிமைக்கு எதிரானது என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடவும் யோசிக்கிறாய். போடு. மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் இந்த வழக்குகள் பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதோடு முடிந்துபோகின்றன. சட்டக் கேள்வி எதுவும் எழுவதே இல்லை, எழுப்ப ஓர் ஆள் வேண்டும். ஆனால் எதை எதிர்க்கிறாய் என்பதில் உனக்குத் தெளிவு இருக்க வேண்டும். சாலையில் வருகிற எல்லோரையும் நிறுத்தி ஊதச் சொல்வதால் தனிமனித சுதந்திரத்துக்கு வரும் சேதம் சிறியது. யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்பதை அங்கே நிற்கும் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதால் வரும் சேதம்தான் பெரியது. உன் மனு முதலாவதைக் குறிவைத்தால் தோற்கும். தோற்க வேண்டியதுதான் என்பது என் கருத்து. இரண்டாவதைக் குறிவைத்தால், அது ஜெயிக்க வேண்டிய வழக்கு.

முதலில் சட்டத்தைக் கையில் எடு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவை எல்லோரும் படிக்கிறார்கள். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 203ஆம் பிரிவைத்தான் யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை. ஓட்டுநர் 185இன்படி குற்றம் செய்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால்தான், சீருடையில் உள்ள காவல் அதிகாரி மூச்சைச் சோதிக்கக் கேட்கலாம் என்கிறது அது. லைசென்ஸைக் காட்டச் சொல்லி வண்டியை நிறுத்தும் அதிகாரம் வேறு. அப்படி நிறுத்திப் பேசும்போது மது வாடை அடித்தால் சந்தேகத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது, அதுவரை எல்லாம் சரி. ஆனால் இரவு பதினோரு மணிக்குப் பேரிகேட் போட்டு, பைக்கில் வருகிறவரை ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, வாடையும் இல்லாமல் தள்ளாட்டமும் இல்லாமல் எடுத்த எடுப்பில் பிரெத் அனலைசரை வாயருகே நீட்டுவதற்கு இந்தப் பிரிவில் இடமில்லை. கருவி கைவசம் இல்லாதபோது முகத்துக்கு நேரே ஊதச் சொல்கிறார்களே, அப்படி ஒரு சோதனையைச் சட்டம் அறியவே அறியாது.

இதைப் படித்ததும், சந்தேகம் இருந்தால் மட்டுமே சோதனை செய்ய உத்தரவிட வேண்டும் என்று கேட்கத் தோன்றும். அந்த இடத்தில் கொஞ்சம் நிதானி. சந்தேகம் யார்மேல் விழும்? கசங்கிய சட்டை மேல், பழைய டூவீலர் மேல், நைட் ஷிப்ட் முடித்து வருகிறவரின் சிவந்த கண் மேல். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் போகிறவரின் வாடை வெளியே வருவதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2022இல் ஒரு நீதிபதி, எந்தக் காரணமும் இல்லாமல் ஓடும் வாகனத்தை நிறுத்தப் போலீசுக்கு இருந்த அதிகாரத்தை ரத்து செய்தார். அந்த அதிகாரம் நடைமுறையில் கறுப்பின ஓட்டுநர்களைக் குறிவைக்கப் பயன்படுகிறது என்பது அவர் கண்ட முடிவு. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் ஒழுங்காக அமைக்கப்பட்ட சோதனைச் சாவடிகளை அவர் தொடவில்லை. தனி அதிகாரியின் கண் தேர்ந்தெடுப்பதைத்தான் தடுத்தார்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே கோட்டை முன்னரே போட்டிருந்தது. 1979இல் டெலவேர் எதிர் பிரவுஸ் வழக்கில், ரோந்து போகும் போலீஸ்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு காரை மறித்து ஆவணம் கேட்பது செல்லாது என்றது. 1990இல் மிச்சிகன் எதிர் சிட்ஸ் வழக்கில், வரும் வாகனம் எல்லாவற்றையும் நிறுத்தும் சாவடி செல்லும் என்றது. அந்தச் சாவடியில் நின்ற வாகனங்கள் 126. ஒவ்வொன்றுக்கும் சராசரித் தாமதம் 25 வினாடி. கைதானவர்கள் இரண்டு பேர். இந்த இரண்டை வைத்துத்தான் சாவடியே கூடாது என்பவர்கள் வாதாடுவார்கள். இரண்டு பேருக்காக 124 பேரை நிறுத்துவதா, ரோந்து வண்டியே இதைவிட அதிகம் பேரைப் பிடித்துவிடுமே என்று. மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றமே 1993இல், தன் மாநில அரசியல் சட்டத்தின்படி அந்தச் சாவடிகள் செல்லாது என்று சொல்லிவிட்டது. இந்த எதிர்வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதே. சாவடியை எதிர்க்கும் கெட்டிக்கார வக்கீல் இதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்.

அதற்கான பதில் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில், சந்தேகமே தேவையில்லாத மூச்சுச் சோதனையைச் சட்டமாகவே கொண்டுவந்தது. அதற்கு முன்பு உயிர்ப்பலி விபத்துகளில் மதுவின் பங்கு ஏறத்தாழ 40 சதவீதம். பின்வந்த ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. எல்லாப் பெருமையும் சோதனைக்கே உரியது என்று நான் சொல்லவில்லை. சீட் பெல்ட்டும் சாலை அமைப்பும் எல்லா விபத்து மரணங்களையுமே குறைத்தன. ஆனால் மதுவின் பங்கு மட்டும் இவ்வளவு சரிந்ததற்கு அவற்றைக் காரணமாகக் காட்ட முடியாது. குடித்தவர் மனத்தில் ஓடும் கணக்கு ஒன்றுதான்: ‘நிதானமாக ஓட்டினால் மாட்ட மாட்டேன்’. சந்தேகத்தின் பேரில் மட்டும் நிறுத்தும் சட்டம் அந்தக் கணக்கைச் சரி என்று ஆக்குகிறது. எல்லோரையும் நிறுத்தும் சாவடி அதை உடைக்கிறது. அவர் வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் போவார். கைதுக் கணக்கில் அவர் வரவே மாட்டார். எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்பதை வைத்துச் சாவடியை எடைபோடுவது அதனால்தான் தவறு. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். சாலையில் உயிரோடு போய்வரும் உரிமையும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் இருப்பதுதான்.

குடிக்கவே குடிக்காத என்னை ஏன் குற்றவாளியைப்போல நடத்துகிறார்கள் என்ற கேள்வி மானத்தைப் பற்றியது, அதை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் எல்லோரும் சோதனைக்கு நிற்கும்போது யாரும் அவமானப்படுவதில்லை. வரிசையிலிருந்து ஒருவரை மட்டும் தனியே அழைத்தால்தான் முகம் சுருங்குகிறது. தனக்கெதிராகவே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவை நம்பிப் போகாதே. கைரேகையும் கையெழுத்தும் அந்தப் பாதுகாப்புக்குள் வராது என்று கதி காலு ஓகாட் வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு 1961லேயே சொல்லிவிட்டது. 2010இல் செல்வி வழக்கு பாதுகாத்தது மனத்துக்குள் இருப்பதை. மூச்சு கைரேகையின் பக்கம்தான் போய்ச் சேரும்.

உனக்குக் கைகொடுப்பது 2017இன் புட்டசாமி தீர்ப்பு. அந்தரங்கத்தில் அரசு தலையிட வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அளவோடு இருக்க வேண்டும். நம் ஊர்ச் சோதனை பின்னிரண்டிலும் தேறிவிடும். முதலாவதில் தேறாது, ஏனென்றால் 203 அதற்கு இடம் தரவில்லை. எனவே சோதனையை ஒழிக்கக் கேட்காதே, சட்டத்துக்குள் கொண்டுவரக் கேள். மேலதிகாரி முன்கூட்டியே எழுத்தில் குறித்த இடம், நேரம். வருகிற எல்லா வண்டியும், அல்லது நெரிசல் இருந்தால் ஐந்தில் ஒன்று என்று முன்பே வகுத்த முறை, அதில் காருக்கும் பைக்குக்கும் வேறுபாடு கிடையாது. ஆளுக்கொரு புது ஊதுகுழல். மூச்சைத் தவிர வேறெதையும் தேடக் கூடாது. டி.கே. பாசு வழக்கில் கைதுக்கு உச்ச நீதிமன்றம் விதிகள் வகுத்ததைக் காட்டு. நாடாளுமன்றம் 203ஐத் திருத்தும்வரை இப்படி ஓர் இடைக்கால ஏற்பாட்டைக் கேட்கலாம். இந்த அதிகாரம் பரவும் என்று அஞ்சுகிறவர்களின் அச்சம் வெறும் கற்பனை இல்லை. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்தவரோடு பயணிப்பவருக்கும் அபராதம் என்று அறிவித்தது. அதிகாரம் கேட்காமலே வளரும். எல்லையை எழுதி வாங்க வேண்டியிருப்பது அதற்காகத்தான்.

கருவியைப் பற்றியும் நன்றாகத் தெரிந்துகொள். அது ரத்தத்தை அளப்பதில்லை; மூச்சை அளந்து, 1 மி.லி. ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் 2,100 மி.லி. மூச்சில் இருக்கும் என்ற பொதுக் கணக்கில் பெருக்கிச் சொல்கிறது. அந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். வாயிலேயே தங்கிய ஆல்கஹாலும் அளவைத் தூக்கிவிடும். மவுத்வாஷ் கொப்பளித்தவர், அஜீரணத்துக்கு அரிஷ்டம் ஒரு மூடி குடித்துவிட்டுக் கிளம்பியவர் எல்லாம் மாட்டிக்கொள்ளலாம். ஏறக்குறைய கால் மணி நேரத்தில் அது வாயிலிருந்து போய்விடும். ஆகவே ஒருமுறை ஊதியதை வைத்து வழக்கு என்றால், இரண்டாவது சோதனை ஏன் நடக்கவில்லை என்று குறுக்கு விசாரணையில் கேள். கருவியின் வரிசை எண், கடைசியாக அளவு சரிபார்த்த நாள், அச்சுச் சீட்டில் உள்ள நேரம் மூன்றையும் ஆவணமாகக் கேட்டு வாங்கு. 2021இல் தெலங்கானா உயர் நீதிமன்றம், ஓட்டியவர் குடித்திருந்தார் என்பதற்காக மட்டுமே வண்டியைப் பறித்து வைக்க முடியாது, உடன் குடிக்காதவர் இருந்தால் அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னதையும் கையில் வைத்துக்கொள்.

உன்னிடம் வருகிறவர்களில் பலர் உண்மையிலேயே குடித்துவிட்டு ஓட்டியவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்காகவும் வாதாடு; நடைமுறை சரியாக நடந்ததா என்று கேட்பது அவர்களுக்கும் உள்ள உரிமை. ஆனால் ஒப்புக்கொண்டு பணம் கட்டலாமா என்று கேட்கும்போது, இன்று கட்டுவது அபராதம் மட்டுமல்ல, தண்டனைப் பதிவும் கூட என்று சொல்லிவிடு. அடுத்த முறை பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறைக்கோ 15,000 ரூபாய் அபராதத்துக்கோ, இரண்டுக்குமேயோ சட்டத்தில் இடமிருக்கிறது. இதைக் கட்டணம் வாங்குவதற்கு முன்பே சொல்.