பழைய மடிக்கணனிக்கு ஒரு புதிய பாகம்

அவசரத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்களுக்குக் காணி உறுதியின் பெறுமதி நன்கு தெரியும். இன்று பல குடும்பங்கள் உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றைப் படமெடுத்துப் பிள்ளைகளின் மடிக்கணனியில் சேமித்து வைத்திருக்கின்றன. அந்தக் கணனி திறப்பதற்கே பல நிமிடங்கள் எடுத்தால், அதை எறிந்துவிட நினைக்கிறோம். எறிவதற்கு முன் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

ஏன் மெதுவாகிறது?

பழைய மடிக்கணனிகளில் தகவல்கள் வன்தட்டில் பதியப்படுகின்றன. அதனுள் இருக்கும் தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 தடவை சுழலும். சிறிய முனை ஒன்று நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேடும். இயங்கும்போது கீழே விழுந்தால் முனை தட்டில் உரசி, உள்ளதெல்லாம் அழியவும் கூடும்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. பென்டிரைவைப் போல இதுவும் சில்லுகளில் தகவலை வைத்திருக்கிறது. வன்தட்டு தேடி எடுப்பதை, அதன் நூறில் ஒரு பங்கு நேரத்தில் இது எடுத்துவிடும். ஆனால் பழுதான திரையையோ பற்றரியையோ இது சீராக்காது.

எப்படி மாற்றுவது?

1. முதலில் எல்லாவற்றையும் வேறொரு சேமிப்பகத்தில் பிரதி எடுங்கள். அப்பிரதி இன்னொரு கணனியில் திறக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் ஒரு திருகாணியையும் கழற்ற வேண்டாம்.

2. கணனியின் மாதிரி இலக்கத்தைக் கடையில் காட்டிப் பொருத்தமானதை வாங்குங்கள். பழையவற்றில் பெரும்பாலும் 2.5 அங்குல 'சாட்டா' வகை பொருந்தும். சிலவற்றுக்கு 'எம்.2' வகை வேண்டும். குடும்பத் தேவைக்கு 256 ஜிகாபைட்டு பொதுவாகப் போதும்.

3. யு.எஸ்.பி. இணைப்பு வயர் மூலம் பழையதில் உள்ளதை அப்படியே புதியதற்கு மாற்றலாம். அல்லது வின்டோசைப் புதிதாக நிறுவலாம்.

4. கணனியை முற்றாக நிறுத்தி, மின்னிணைப்பையும் பற்றரியையும் அகற்றுங்கள். உலோகப் பொருளொன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்குங்கள். திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். பழையதை மெதுவாக இழுத்தெடுத்துப் புதியதைப் பொருத்துங்கள். பலாத்காரமாக அழுத்த வேண்டாம்.

5. எல்லாம் சரியாக இயங்குகிறது என்று உறுதியாகும் வரை பழைய வன்தட்டை அழிக்க வேண்டாம். பின்பு அதை உறையொன்றில் இட்டு, பிரதி வைக்கப் பயன்படுத்தலாம். அப்படியே விற்றுவிடாதீர்கள், அழித்த ஆவணத்தையும் பிறர் மீட்டெடுக்கக் கூடும்.

கவனிக்க வேண்டியது

எஸ்.எஸ்.டி. யும் பழுதாகும், சிலவேளை எவ்வித முன்னறிகுறியும் இன்றிப் பழுதாகும். நீண்டகாலம் மின்சாரமின்றிக் கிடந்தாலும் தகவல் அழியலாம். விதைநெல் முழுவதையும் ஒரே மூட்டையில் வைத்து நம்பியிருப்போமா? ஆவணங்களுக்கும் அதுவே நியாயம். ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். படம் இருக்கிறது என்பதற்காக மூல உறுதியைக் கவனியாமல் விடவும் வேண்டாம்.

கலந்துரையாடுவதற்கு

1. இன்று இரவே வெளிக்கிட நேர்ந்தால், உங்கள் ஆவணங்களின் பிரதி எங்கே இருக்கும்?

2. உங்கள் ஊரில் இந்த வேலையைப் பழகி, மற்றவர்களுக்குச் செய்து கொடுக்கக்கூடிய இளைஞர்கள் யார்?