போன் எத்தனை மணி அடிக்க வேண்டும்?



இந்த மாதப் பாடம் கணக்கு நோட்டைப் பற்றி அல்ல. நம் கூட்டமைப்பு அலுவலகத்து போன் மணியைப் பற்றி. "இதுல என்ன பாடம் இருக்கு?" என்று சிரிக்காதீங்க. கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அதே 04563 தான். ஆனால் பல அலுவலகங்களில் பழைய செம்புக் கம்பி போய் பைபர் கேபிள் வந்துவிட்டது. பேச்சு இன்டர்நெட் வழியாகப் போகிறது. இப்படிப்பட்ட போனில் வாய்ஸ் மெயில் என்று ஒரு வசதி வைக்கலாம். குறிப்பிட்ட நொடிகள் மணி அடித்தும் யாரும் எடுக்காவிட்டால், மிஷின் எடுத்து "உங்கள் செய்தியைச் சொல்லுங்கள்" என்று பேசும். எத்தனை நொடி என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பல இடங்களில் பொருத்துகிறவர் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். நாமும் கேட்பதில்லை.

நம் நாட்டில் கூப்பிடுகிறவருக்கு மணி இரண்டு இரண்டாகக் கேட்கும். "ட்ரிங்-ட்ரிங்", பிறகு ஒரு இடைவெளி. இது ஒரு சுற்று, 3 நொடி. அப்படியானால் 15 நொடி என்பது 5 சுற்றுதான். நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிற பெரிய ஆபீசுக்கு அது போதும். நம் அலுவலகத்தில் கணக்காளர் உள் அறையில் சேமிப்புப் பணம் எண்ணிக்கொண்டிருப்பார். பாதி எண்ணிக்கையில் எழுந்து வர முடியுமா? வருவதற்குள் மிஷின் எடுத்துவிடும்.

மிஷினிடம் யார் பேசுவார்கள்? நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் மிஷின் குரல் கேட்டதுமே வைத்துவிடுவார்கள். அதில் தவறும் இல்லை. சில பெண்களுக்குச் சொந்தமாக போன் கிடையாது. வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரத்தில் அவர் போனை எடுத்துக் கூப்பிடுவார்கள். அடி வாங்கியவர் கூப்பிடலாம், கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கிறார் என்று கூப்பிடலாம். அவர்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. நமக்கு 5 சுற்று, 10 சுற்று என்பது சாதாரணம். அந்தப் பெண்ணுக்கு அப்படி இல்லை.

மணி நேரத்துக்காகப் பெரிய கம்பெனிகளே சண்டை போட்டது உங்களுக்குத் தெரியுமா? 2019-ல் ஜியோ மணி அடிக்கும் நேரத்தை 20 நொடியாகக் குறைத்தது. பிறகு ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 25 நொடியாகக் குறைத்தன. காரணம் காசுதான். அப்போது யார் கம்பெனியிலிருந்து கால் போகிறதோ, அந்தக் கம்பெனி எதிர்க் கம்பெனிக்கு நிமிடத்துக்கு 6 பைசா தர வேண்டும். சீக்கிரம் மணி நின்றால் அது மிஸ்டு கால் ஆகும். எதிரில் இருப்பவர் திரும்பக் கூப்பிடுவார். காசு இந்தப் பக்கம் வரும்! கடைசியில் டிராய் ஆணையம் 2019 நவம்பரில் உத்தரவு போட்டது. யாரும் எடுக்காத, துண்டிக்காத கால் மொபைலில் 30 நொடியும் லேண்ட்லைனில் 60 நொடியும் அடிக்க வேண்டும் என்றது. அந்த 6 பைசா 2021 ஜனவரியோடு ஒழிந்தது. ஜனங்களின் மணி நேரத்தில் இவ்வளவு கணக்கு இருந்திருக்கிறது, பார்த்தீர்களா?

இப்போது நம் வேலைக்கு வருவோம். ஒருவரை அலுவலகத்துக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் பின்பக்கக் குழாயடியில் நின்றுகொள்ளுங்கள். மணி கேட்டதும் சாதாரண நடையில் வாருங்கள், ஓட வேண்டாம். எத்தனை நொடி ஆனது என்று பார்த்து, அதோடு 10 நொடி சேர்த்து வையுங்கள். பெரும்பாலும் 30 நொடி, அதாவது 10 சுற்று போதும். அதை மாற்றிக்கொடுக்கச் சொல்லி, பொருத்திய ஆளிடம் கேளுங்கள். போன் கருவியில் ஒரு நேரமும், கம்பெனிக் கணக்கில் ஒரு நேரமும் தனித்தனியாக இருக்கலாம். எது குறைவோ அதுதான் முந்திக்கொள்ளும். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், பகலில் மிஷினே வேண்டாம். 30 நொடி ஆனதும் கால் ஒரு பொறுப்பாளரின் மொபைலுக்குப் போகட்டும். ஆனால் யார் மொபைல் என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். சத்திரப்பட்டி தறிச் சத்தத்தில் மணி காதில் விழாது. பால்கோவா அடுப்பு முன்னாடி நிற்கிறவர் கரண்டியை விட்டால் அடிப்பிடித்துவிடும். அதனால் முறை போட்டுக்கொள்ளுங்கள். மிஷின் ராத்திரிக்கு மட்டும் இருக்கட்டும். அதில் நம்ம ஊர்ப் பேச்சில், நமக்குத் தெரிந்த குரலில் பதிவு செய்யுங்கள். "அவசரம்னா 181-க்குக் கூப்பிடுங்க" என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்கள் உதவி எண் 24 மணி நேரமும் உண்டு. இன்னொன்று: கரண்ட் போனால் பைபர் பெட்டியும் செத்துவிடும். ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கிப் போடுங்கள்.

காலை வேறு போனுக்கு மாற்றும் வசதியில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கூரியர், பேங்க் என்று சொல்லி யாராவது "*401* அல்லது *21* போட்டு இந்த நம்பரை அழுத்துங்க" என்றால் செய்யவே செய்யாதீர்கள். உங்களுக்கு வரும் கால் எல்லாம், ஓ.டி.பி. சொல்லும் கால் உட்பட, அவனுக்குப் போய்விடும். இந்த மோசடியால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் *401# வழியாக மாற்றும் சேவையை நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. சந்தேகம் இருந்தால் ##002# அழுத்துங்கள், எல்லா மாற்றமும் ரத்தாகும். பணம் போயிருந்தால் உடனே 1930.

மிஸ்டு கால் இருந்தால் உடனே திருப்பிக் கூப்பிடத் தோன்றும். கொஞ்சம் நில்லுங்கள். முதலில் அது யார் வீட்டு நம்பர் என்று உறுப்பினர் பதிவேட்டில் பாருங்கள். கூப்பிட்டு ஆண் குரல் கேட்டால், "உங்க வீட்டிலிருந்து கூப்பிட்டாங்களே" என்று சொல்லாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு அதுவே வினையாகிவிடும். குழுக் கூட்டத் தேதி என்று பொதுவாகச் சொல்லி வைத்துவிட்டு, அன்று சாயங்காலமே ஊக்குநர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். எத்தனை நொடி, பகலில் யார் மொபைல், எந்த வாரம் யார் முறை என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். போனைப் பொருத்தியவரின் நம்பரையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள்.