லித்தியம் சாப்பிடுபவர் வீட்டுச் சமையல்

பைபோலார் நோயைக் குணமாக்கும் உணவு எதுவும் கிடையாது. வல்லாரையோ மீன் எண்ணெய் மாத்திரையோ மருந்துக்கு மாற்றாகாது. ஆனால் இந்த நோய்க்கு லித்தியம் சாப்பிடுபவருக்கு அது மருந்தாக இருப்பதும் விஷமாவதும் பல சமயம் அடுப்படியைப் பொறுத்தது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பொதுவாகச் சரி, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து.

செய்ய வேண்டியவை

• உப்பு தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும். உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அப்பாவுக்கு பி.பி. என்று வீட்டுக்கே உப்பைக் குறைக்கும்போது இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. குறைக்கத்தான் வேண்டுமென்றால், டாக்டரிடம் சொல்லிவிட்டு, ரத்தப் பரிசோதனையோடு குறையுங்கள்.

• கத்திரி வெயிலில் தண்ணீர் போதுமான அளவு குடிக்கவையுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது.

• ஒலான்சபின், வால்ப்ரோயேட் போன்ற மருந்துகளும் சேர்ந்திருந்தால் பசி கூடும், எடை ஏறும். ராத்திரி பதினொரு மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறப்பவரைத் திட்டாதீர்கள். அது மருந்தின் வேலை. டப்பா இருந்த இடத்தில் சுண்டல் இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

• நாட்டு மருந்துக்காக உப்பில்லாப் பத்தியம் கூடவே கூடாது. (1949-ல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் லித்தியம் மேனியாவைத் தணிப்பதாக எழுதினார். அதே ஆண்டு அமெரிக்காவில், உப்பைக் குறைக்க வேண்டிய இதய நோயாளிகள் உப்புக்குப் பதில் லித்தியம் குளோரைடைச் சாப்பாட்டில் தூவிக்கொண்டு, சிலர் இறந்தே போனார்கள்.)

• ஏகாதசி, ரமலான் நோன்புகளை டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

• காபியைத் திடீரென நிறுத்தாதீர்கள். காபி லித்தியத்தைச் சிறுநீரில் கழிக்கிறது. நின்றால் ரத்தத்தில் அளவு ஏறும். கூட்டவும் வேண்டாம், தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மேனியா கிளம்பலாம்.

• மது வேண்டாம்.

• மூட்டுவலிக்கு மெடிக்கலில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கித் தராதீர்கள். இரண்டும் லித்தியத்தை ஏற்றிவிடும்.

வாந்தி, பேதி, கை பலமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். நடுக்கமும் தள்ளாட்டமும் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.