எடை குறைக்கும் ஊசி தொடங்குகிறீர்களா?

மவுஞ்சாரோ, விகோவி இரண்டும் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் இவை. மருத்துவர் எழுதிக் கொடுத்துத் தொடங்கும் கோவளம் வட்டாரத்தினர் கவனிக்க:

1. பழைய நோய்களை மறைக்காதீர்கள். கணைய அழற்சி, குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய், கர்ப்பத் திட்டம் இருந்தால் இந்த ஊசி ஒத்துவராமல் போகலாம்.

2. தற்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் காட்டுங்கள். இன்சுலினோடும் சில சர்க்கரை மாத்திரைகளோடும் சேர்ந்தால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கலாம்.

3. பில் தரும் மருந்துக்கடையில் மட்டும் வாங்குங்கள். போலி ஊசி உயிருக்கே ஆபத்து.

4. தாம்பரத்தில் வாங்கினால் ஐஸ் பையில் எடுத்து வாருங்கள். வண்டி டிக்கியில் போடாதீர்கள். வெயில் சூட்டில் மருந்து கெடும்.

5. ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃப்ரீசர் வேண்டாம். ஒருமுறை உறைந்த மருந்தைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

6. டோஸை நீங்களாகக் கூட்டாதீர்கள். மெல்ல ஏற்றினால்தான் குமட்டலை உடம்பு தாங்கும்.

7. கடற்கரை பஜ்ஜி, மீன் வறுவலைத் தள்ளி வையுங்கள். இரைப்பை மெதுவாகக் காலியாவதால் எண்ணெய்ப் பண்டம் வாந்தியைக் கிளப்பும்.

8. குழம்பு மீன், முட்டை, சுண்டல் சேருங்கள். நடையோடு லேசான எடைப் பயிற்சியும் செய்யுங்கள். கொழுப்போடு தசையும் கரைவதை இது குறைக்கும்.

9. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர், மோர் குடியுங்கள். நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், மலச்சிக்கலும் வரும்.

10. முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அது கணைய அழற்சியாக இருக்கலாம்.