சீட்டும் கணக்கும்

தமிழகத்தில் பரிசுச் சீட்டு 2003ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. எனினும் அம்பத்தூர், ஆவடி வட்டாரத்திலிருந்து கேரளம் செல்வோருள் ஓணம் பம்பர் சீட்டு வாங்கி வருவோரும் உளர். அது பொருளைப் பெருக்குமா? பிள்ளைகளை அருகமர்த்திக் கணக்கிடுங்கள்.

2023ஆம் ஆண்டில் சீட்டு விலை 500 ரூபாய். முதற்பரிசு 25 கோடி. விற்றவை ஏறத்தாழ 75 லட்சம். முதற்பரிசை எல்லாச் சீட்டுகளுக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 33 ரூபாயே வரும். முகவர் கழிவும் வரியும் அதனையும் குறைக்கும். ஏனைய பரிசுகளைச் சேர்த்தாலும் கொடுத்ததில் பாதி தேறாது.

வென்றவர் பெறுவதும் தோற்ற பல லட்சம் பேரின் பொருளே. ஏழு வியசனங்களுள் சூது முதலில் நிற்பதன் காரணம் இதுவன்றோ! அந்த 500 ரூபாயை மாதந்தோறும் அஞ்சலகத் தொடர் வைப்பில் இடுக. ஐந்தாண்டில் 30,000 ரூபாயும் வட்டியும் உறுதி.