பேச்சைக் குறையுங்கள், மக்களே

நாகர்கோவில், மார்த்தாண்டம், ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் கல்லூரிகளில் இந்த ஆண்டு முதன்முதலாக வகுப்பெடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். நெட்டோ செட்டோ தேறி, பிஎச்.டி.யும் முடித்து வருகிறீர்கள். பாடம் உங்களுக்குத் தெரியும். சொல்லிக்கொடுக்கும் விதத்தை உங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பள்ளிக்கூட வாத்தியாருக்கு பி.எட். வேண்டும், கல்லூரி வாத்தியாருக்கு வேண்டாமாம்! வேடிக்கைதான்.

1. நோட்ஸ் சொல்லி எழுதவைக்காதீர்கள். அந்த வேலையைக் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர் உங்களைவிட வேகமாகச் செய்துவிடுவார்.

2. கேள்வி கேளுங்கள், பிள்ளைகளைப் பேசவிடுங்கள். முப்பந்தல் காற்றாலைகளைப் பஸ்ஸில் போகும்போது பார்க்காத பிள்ளை நம் மாவட்டத்தில் அபூர்வம். இயற்பியல் வகுப்பில் கேளுங்கள்: “காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதிலிருந்து கிடைக்கக்கூடிய ஆற்றல் எத்தனை மடங்காகும்?” பெரும்பாலோர் இரண்டு என்பார்கள். ½mv² நினைவிருப்பவர்கள் நான்கு என்பார்கள். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஆளுக்கொரு விடையைத் தாளில் எழுதச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் சண்டைபோடச் சொல்லுங்கள். வேகம் கூடினால் ஒரு நொடியில் இறக்கையைக் கடக்கும் காற்றின் நிறையும் கூடுமே என்று யாராவது ஒருத்தி கண்டுபிடிப்பாள். நிறை இரண்டு மடங்கு, v² நான்கு மடங்கு; விடை எட்டு. அவள் தோழிக்கு விளக்கும் மொழி உங்களுக்கும் எனக்கும் வராது. அந்த இடத்தில் தானும் குழம்பியது அவளுக்கு இன்னும் மறந்திருக்காது.

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மாஸூர் 1990களின் தொடக்கத்திலிருந்து இப்படித்தான் வகுப்பெடுத்தார். அதற்கு முன் அவருடைய மாணவர்கள் கடினமான கணக்கைச் சூத்திரம் போட்டு முடித்துவிடுவார்கள், எளிய கருத்துக் கேள்வியில் தடுமாறுவார்கள். நமக்கு இந்த முறை புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல், தெரிந்த பையன் தெரியாத பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை 1797இல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். அங்கே அதற்குப் பெயர் மதராஸ் முறை. நாம்தான் மேடையும் மைக்கும் வந்ததும் கைவிட்டோம்.

3. வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் நோட்டை மூடச் சொல்லி, நினைவில் இருப்பதை அரைத்தாளில் எழுதவையுங்கள். மார்க் போடாதீர்கள். திரும்பத் திரும்ப வாசித்தால் படிந்துவிடும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர் இருவர் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியை இரண்டுமுறை படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடு நினைவிருந்தது; ஒருமுறை படித்து, ஒருமுறை பார்க்காமல் எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முன்னவர்களுக்கு 42, பின்னவர்களுக்கு 56. பரீட்சைக்கு முந்தின இரவுப் படிப்பு ஏன் ஜெயிக்கிறது, ஜூனில் ஏன் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

4. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை முதல் செமஸ்டரில் வாய் திறக்காது. தமிழில் கேட்கவிடுங்கள், தமிழிலேயே பதில் சொல்லுங்கள். கருத்து பிடிபட்ட பிறகு ஆங்கிலச் சொல்லைக் கொடுங்கள்.

5. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், ரோல் நம்பர் சொல்லி வேண்டாம். முதல் மணியில் தூங்கி விழுகிறவனைத் திட்டும் முன் விசாரியுங்கள். குலசேகரம் பக்கத்துப் பையன் என்றால் விடியுமுன் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்திருப்பான்.

6. வெளியே கூட்டிப்போங்கள். பொருளாதாரத்துக்குத் தோவாளைப் பூச்சந்தை இருக்கிறது, விலங்கியலுக்குத் தேரூர்க் குளம். வரலாற்றுக்குச் சுசீந்திரம் கோயில். ஒரு கோயிலை எப்படிப் படிப்பது என்று பார்க்க, நம் ஊர்க்காரர் கே.கே. பிள்ளை அந்தக் கோயிலைப் பற்றி எழுதி 1953இல் வந்த நூலை எடுத்துப்போங்கள்.

7. இன்டர்னல் மார்க்கைக் காட்டி மிரட்டாதீர்கள். பயந்த பிள்ளை சந்தேகம் கேட்காது.

8. நாக் குழுவுக்காக மாணவர்களிடம் வாங்கும் கருத்துப் படிவத்தை வைத்து உங்களை எடைபோட வேண்டாம். 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் வந்த முடிவு இது: சரளமான சொற்பொழிவைக் கேட்டவர்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள், தாங்களே முட்டிமோதிப் படித்தவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வில் இவர்களே அதிகம் வாங்கினார்கள். “இந்தச் சார் ஒண்ணுமே நடத்த மாட்டேங்காரு” என்று உங்களைப் பற்றியும் சொல்வார்கள். சொல்லட்டும்.

அறுபது பேர் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா, நடந்தாலும் பலன் உண்டா என்று மூத்தவர்கள் கேட்பார்கள். அறிவியல், கணிதம், பொறியியல் வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் சொற்பொழிவு வகுப்புகளில் தோற்றவர்கள் ஏறத்தாழ 34 விழுக்காடு. மாணவர்களை வேலைவாங்கிய வகுப்புகளில் 22. தொகுப்பூதியத்தில் உழைக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் இத்தனையும் கேட்பது அதிகம்தான். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டாம். வாரத்துக்கு ஒரு வகுப்பு, அதில் ஒரு நல்ல கேள்வி என்று தொடங்குங்கள்.