காட்டின் அழிவும் மலைக்குடிகளின் பிழைப்பும்

நீலகிரி மலையிலும் அதன் சரிவுகளிலும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடியினர் வாழ்ந்து வருகின்றனர். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என அரசினர் வகுத்திருப்பதும் இவ்வாறு குடியினரையே. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி நம் மாநிலத்துப் பழங்குடியினர் 7,94,697 பேர். மொத்த மக்களில் இது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவே. தொகை சிறிதாயினும், காடு குறைவதால் இவர்களுக்கு நேர்ந்துள்ள துன்பம் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் ஊன்றி அறிய வேண்டியதொன்றாகும்.

காடு தரும் பிழைப்பு

சமவெளி உழவருக்கு நன்செய் எத்தகையதோ, மலைக்குடிகளுக்குக் காடு அத்தகையது. குறும்பர் செங்குத்தான பாறைகளில் கொடியேணி கட்டி இறங்கி மலைத்தேன் எடுப்பர். இருளர் சாமையும் ராகியும் விதைப்பர். கிழங்கு, கீரை, நெல்லிக்காய், கடுக்காய் முதலியவற்றைக் காட்டிலிருந்து கொணர்வர். தோடர் எருமை வளர்ப்பர். கோத்தர் இரும்புக் கருவிகளும் மண்கலங்களும் செய்வர். முற்காலத்தில் பாலும் நெய்யும் தேனும் கருவியும் தானியமும் இவர்களிடையே பண்டமாற்றாகக் கைமாறின. ஆகவே, ஒருவர் தொழில் கெட்டால் மற்றவர் வாழ்வும் தளர்ந்தது.

மரம் இருந்தும் காடு இல்லாமை

1819ஆம் ஆண்டில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் நீலகிரிக்குச் சென்றார். அதன் பின்னர் அங்கு நகரங்களும் காப்பி, தேயிலைத் தோட்டங்களும் பெருகின. விறகின் பொருட்டுச் சீகை மரமும் கற்பூர மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டுப் புல்வெளிகளில் நடப்பட்டன. இவற்றுள் சீகை தானே பரவும் இயல்புடையது. புல்வெளி குறையவே, தோடரின் எருமைகளுக்கு மேய்ச்சல் குறைந்தது. அவர்களுடைய மரபான இல்லங்களுக்குக் கூரை வேயும் புல் சதுப்பு நிலத்தில் வளர்வது. அந்நிலங்கள் வற்றியபோது அப்புல்லும் அரிதாயிற்று. ஆதலின், பச்சையாகத் தோன்றுவதெல்லாம் காடு ஆகிவிடாது என்பதை நாம் உணர வேண்டும். இயற்கைச் சோலையை வெட்டி ஒரே வகை மரத்தை நடுவதும் காட்டழிவின் ஒரு வகையே.

இழப்பு தொடரும் விதம்

பூக்கும் மரங்கள் குறைந்தால் தேனீக்களுக்கு இரை குறையும், தேனும் குறையும். காட்டு உணவு கிட்டாதபோது அதனைக் கடையில் விலைக்கு வாங்க வேண்டும். அதற்குப் பணம் தேவை. பணத்திற்குக் கூலி வேலை தேவை. வேலை கிட்டாத நாட்களில் கடன் சேர்கிறது. விறகிற்கும் தண்ணீருக்கும் பெண்கள் நெடுந்தொலைவு நடக்க நேரிடுகிறது.

மலைக்குடிகளின் புனம் வேளாண்மையே காட்டை அழித்தது என்பார் உளர். சிறிய நிலத்தில் விதைத்து, பின்னர் அதனைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டு, மண் வளம் மீண்ட பின்னரே திரும்பப் பயிரிடுவது அம்முறை. சுற்றிலும் காடு சுருங்கியபோது நிலத்திற்கு ஓய்வளிக்க இடமில்லாது போயிற்று; விளைச்சலும் தாழ்ந்தது. எனவே, புனம் கெட்டது காட்டழிவின் விளைவுமாகும்.

சமவெளிக்கும் கேடு

இது மலைமேல் உள்ளோரின் துன்பம் மட்டுமன்று. நீலகிரிச் சோலைகளும் புல்வெளிகளும் மழைநீரை உறிஞ்சி வைத்து, ஓடைகளில் சிறிது சிறிதாக விடுகின்றன. மோயாறும் பவானியும் அவ்வோடைகளால் வளம் பெறுபவை. அவ்விரண்டும் கூடுமிடத்தில் 1955ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் கீழ்பவானிக் கால்வாயினால் சுமார் இரண்டு லட்சம் ஏக்கர் பாசனம் பெறுகிறது. சோலை அழிந்தால் மழைக்காலத்தில் வெள்ளமும் மண்ணரிப்பும், கோடையில் வறட்சியும் மிகும்.

கிராம சபை செய்யத்தக்கவை

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குப் பெரும் பொறுப்பை அளித்துள்ளது. 2005 டிசம்பர் 13ஆம் தேதிக்கு முன்னரே வனநிலத்தில் குடியிருந்து பயிரிட்ட பழங்குடியினர், தம் அனுபவத்திலுள்ள அளவுக்கு, 4 ஹெக்டேருக்கு மிகாமல் உரிமை கோரலாம். தேன், மூங்கில், கிழங்கு, மூலிகை போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையும், மேய்ச்சல் உரிமையும், தாம் வழிவழியாகக் காத்துவந்த காட்டைப் பேணும் உரிமையும் இச்சட்டத்தில் அடங்கும்.

கிராம சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அக்குழு கோரிக்கைகளை நேரில் ஆய்ந்து அறிக்கை தரும். பின்னர்ச் சபையின் தீர்மானம் கோட்ட அளவிலான குழுவிற்கும், அதன் வழியே மாவட்டக் குழுவிற்கும் செல்லும். பட்டா முதலிய பத்திரம் இல்லையே என்று எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. முதியோரின் எழுத்துமூலமான வாக்குமூலம், பழைய கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவையும் சான்றாகக் கொள்ளப்படும்.

பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், சாலை போன்ற வசதிகளுக்கு ஒவ்வொன்றிற்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, கிராம சபையின் பரிந்துரையின் பேரில் ஒதுக்க இச்சட்டம் இடமளிக்கிறது. அங்கும் ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது.

காட்டைக் காப்பதும் காட்டுக் குடிகளைக் காப்பதும் ஒன்றுக்கொன்று மாறானவை அல்ல. தேன் எடுப்போருக்கு மரம் நின்றால்தான் பிழைப்பு. ஆதலின் அம்மரத்தைக் காப்பதில் அவர்களைவிட அக்கறை கொண்டோர் அரியர். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், நம் ஊராட்சி எல்லையில் உள்ள மலைக்குடியிருப்புகளின் கோரிக்கைகள் எந்நிலையில் உள்ளன என்பதை உறுப்பினர்கள் கேட்டறிவார்களாக. அக்குடியிருப்பிலுள்ள பெண்களும் முதியோரும் கூட்டத்திற்கு வந்து தம் வாயாலேயே உரைக்கும்படி ஏற்பாடு செய்வது அதனினும் நன்று.